தண்டவாளத்துக்கு நடுவே ஒரு மீட்டர்: தோட்டத்து ரயிலுக்கு ஸ்டேஷன் கட்டிய அனுபவம்

எங்கள் வீட்டுக் கொலுவில் பார்க் வைக்கிற பொறுப்பு சின்ன வயதிலிருந்தே என்னுடையதுதான். மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து வயல் செய்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, நடுவில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை விடுவேன். குளத்து வாத்து யானை உயரத்துக்கு இருக்கும், கோயில் கோபுரம் வீட்டுக்கூரைக்குக் கீழே இருக்கும், அதை யாரும் குறையாகப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது, கொலுவின் அழகு வேறு. ஆனால் அந்த ரயில் ஆசை வளர்ந்து தோட்டத்துக்கு வந்தபோது, அதே பழக்கத்தில் கையில் கிடைத்த கட்டடங்களையெல்லாம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ரயில் நன்றாக இருக்கிறது, கட்டடமும் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொம்மையாகிவிடுகிறது. அது ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷமும், சரிசெய்ய இன்னும் இரண்டு வருஷமும் ஆனது. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு அந்த மூன்று வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சான் ஒரு விடுமுறைக்கு வந்தபோது எல்ஜிபி என்ற தோட்டத்து மாதிரி ரயிலின் ஸ்டார்ட்டர் செட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1968இல் நியூரம்பர்க்கில் லேமான் கம்பெனி தொடங்கிய வரிசை அது, வெளியில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் பித்தளைத் தண்டவாளம், இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மி.மீ. கோவையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் 28க்கு 18 அடி மண் தரை சும்மா கிடந்தது. வட்டமாகப் போட்டு ஓட்டினோம். அப்புறம் ஸ்டேஷன் வேண்டும் அல்லவா, இணையத்தில் தேடி, பழைய கிட் ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கி ஒட்டினேன். பெட்டியில் ‘ஜி ஸ்கேல்’, அதாவது என் ரயில் வகைக்கான அளவு என்றுதான் போட்டிருந்தது. செட்டோடு வந்த பயணி பொம்மையை வாசலில் நிறுத்தினால் தொப்பி கதவின் மேல்சட்டத்தில் முட்டியது.

ஸ்கேலை எடுத்துக் கதவை அளந்தேன். 78 மி.மீ.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு வருகிறது, பொறுமையாகப் படியுங்கள், எல்லாமே இதில்தான் இருக்கிறது. எல்ஜிபி ரயில்கள் பெரும்பாலும் மீட்டர் கேஜ் ரயில்களின் மாதிரிகள் (கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் உள்ள இடைவெளி). நிஜத்தில் 1000 மி.மீ. இருக்கும் இடைவெளி 45 மி.மீ. ஆகிறது என்றால் விகிதம் 1:22.5 பக்கம் வருகிறது. ஆனால் அதே 45 மி.மீ. தண்டவாளத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் மூன்றடி கேஜ் ரயிலை 1:20.3இல் ஓட்டுகின்றன, ஸ்டாண்டர்டு கேஜ் ரயிலை 1:32இலும் 1:29இலும் ஓட்டுகின்றன. எல்லாமே ஒரே தண்டவாளத்தில் ஓடும், எல்லாவற்றையும் ‘ஜி’ என்றே சொல்லி விற்பார்கள். தண்டவாளம் பொருந்துகிறது என்பதால் கட்டடமும் பொருந்தும் என்று நாம் நம்பிவிடுகிறோம். என்னுடைய 78 மி.மீ. கதவை 22.5ஆல் பெருக்கினால் 1755 மி.மீ., அதாவது 5 அடி 9 அங்குலம். எந்த ஸ்டேஷனிலும் அப்படி ஒரு வாசல் இருக்காது. அதையே 29ஆல் பெருக்கினால் 2262 மி.மீ., ஏழரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல கதவு. அது 1:29 ரயிலுக்காகச் செய்த கட்டடம், அவ்வளவுதான். கட்டடத்தில் தப்பில்லை, என் ரயிலுக்கு அது ஆகாது.

அதனால் பெட்டியில் என்ன எண் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள், வாங்குவதற்கு முன்பு விற்பவரிடம் கதவின் உயரத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். மொத்தக் கட்டடத்தின் நீள அகலம் எதையும் சொல்லாது. பெரிய ஸ்டேஷனும் உண்டு, சின்ன ஸ்டேஷனும் உண்டு, ஆனால் மனிதர் ஒரே உயரம். கதவு, படி, ஜன்னலின் அடிமட்டம், பெஞ்சு, கைப்பிடிச் சுவர் இவை மனித உடம்பை ஒட்டிச் செய்யப்படுபவை, கண் அவற்றைத்தான் பார்த்து இது பெரிது, இது சிறிது என்று முடிவெடுக்கிறது.

நம் ஊரில் இருப்பவர்கள் எந்த விகிதத்தைப் பிடிப்பது என்று கேட்டால், முதலில் எந்த ரயில் என்று முடிவு செய்யுங்கள். 45 மி.மீ. தண்டவாளத்தில் டார்ஜிலிங் ரயில் வேண்டுமானால் அது 610 மி.மீ. கேஜ், விகிதம் 1:13.5 ஆகிவிடும், கட்டடங்கள் பிரமாண்டமாகும். கால்கா–சிம்லா 762 மி.மீ., 1:17 வரும். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ., அதற்கு 1:37. ஆனால் நீலகிரி மலை ரயில் அசல் மீட்டர் கேஜ். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை போட்ட அதே பாதை இன்றும் மீட்டர் கேஜாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. தெற்கே பெரும்பாலான பாதைகள் ஒருகாலத்தில் மீட்டர் கேஜ்தான், அவை எல்லாம் அகலப் பாதையாகிவிட்டன, இது மட்டும் மிச்சம். கோவையிலிருந்து ஒரு மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் போய்விடலாம். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும், விகிதமும் சரியாகப் பொருந்துகிறது, அளக்க வேண்டிய நிஜப் பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. தண்டவாள இடைவெளி நிஜத்தில் ஒரு மீட்டர் என்பதால், தோட்டத்தில் கிடக்கும் தண்டவாளமே உங்கள் அளவுகோல். எதைக் கையில் எடுத்தாலும் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தால் போதும். கதவு இரண்டு தண்டவாள அகலத்துக்குக் கொஞ்சம் கூட, ஆள் ஒன்றரையைக் கொஞ்சம் தாண்டி. துல்லியமாக வேண்டுமென்றால் 1 மீட்டர் 44.4 மி.மீ., 1 அடி 13.5 மி.மீ. ஏழடிக் கதவு 95 மி.மீ. ஐந்தரை அடி ஆள் 74 மி.மீ. அரையடிப் படிக்கட்டு 7 மி.மீ. இவற்றை ஓர் ஐஸ் குச்சியில் பேனாவால் கோடு போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், இன்றைக்கும் அந்தக் குச்சி என்னிடம் இருக்கிறது. கடையில் எதைப் பார்த்தாலும் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

அளவெடுக்கப் போனதைச் சொல்கிறேன். அரை இஞ்ச் பிவிசி பைப்பைச் சரியாக ஒரு மீட்டருக்கு வெட்டி, 10 செ.மீ.க்கு ஒருமுறை கறுப்பு டேப் சுற்றிக்கொண்டேன். குன்னூருக்கு மேலே உள்ள சின்ன ஸ்டேஷன்களில் பணியில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பைப்பைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, நேர் எதிரே நின்று போட்டோ எடுத்தேன். நேர் எதிரே என்பது முக்கியம், கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் ஒரு பக்கம் சுருங்கிவிடும். பைப் சுவரை ஒட்டியே இருக்க வேண்டும், ஓரடி முன்னால் தள்ளி இருந்தாலும் கேமராவுக்கு அது பெரிதாகத் தெரியும், கணக்கு தப்பிவிடும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்தப் பைப்பின் நீளத்தைக் கொண்டு மற்றதையெல்லாம் அளந்துகொள்ளலாம். தண்டவாளத்தில் இறங்கவே தேவையில்லை, இறங்கவும் கூடாது, பிளாட்பாரத்தில் நின்றே எல்லாம் முடிந்துவிடும். கட்டடத்தை மட்டும் எடுக்காமல் பெஞ்சு, குப்பைத்தொட்டி, சிவப்பு மணல் வாளி மாட்டும் சட்டம், மஞ்சள் பெயர்ப்பலகை, ஜன்னல் கொக்கி என்று கையை நீட்டும் தூரத்தில் உள்ளதையெல்லாம் எடுத்து வாருங்கள். நான் முதல் தடவை கட்டடத்தை மட்டும் எடுத்துவந்து, பெஞ்சுக்காக மறுபடி மலை ஏறினேன்.

நான் கட்டியது எந்த ஒரு ஸ்டேஷனின் நகலும் இல்லை. அந்தப் பாதையில் பார்த்ததையெல்லாம் சேர்த்து, கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கற்பனை ஸ்டேஷன். மனதில் வரைந்த கட்டடம் 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சுவர் 12 அடி உயரம். அப்படியே செய்தால் 53 செ.மீ. நீளம் வரும், என் இடத்துக்கு அது பெரிது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள், நானும் முதலில் அட்டையில் செய்து பார்த்தபோது அதே தவறுதான்: மொத்தத்தையும் மூன்றில் ஒரு பங்கு சுருக்கிவிடலாம் என்று தோன்றும். சுருக்கினால் கதவும் சுருங்கும், மறுபடி அந்தத் தொப்பி முட்டும் கதைதான். அதற்குப் பதில் ஒரு அறையையே எடுத்துவிட்டேன். மூன்று ஜன்னல் இருந்த இடத்தில் இரண்டு. மிச்சமிருக்கும் கதவும் ஜன்னலும் முழு அளவில் அப்படியே. நீளம் 36 செ.மீ. ஆனது, பார்த்தவர் யாருக்கும் அறை குறைந்தது தெரியவில்லை.

வரைந்ததைப் பிரிண்ட் எடுக்கும்போது ஒரு விஷயம். கடையில் கொடுத்த பிரிண்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதை ஒட்டி நான்கு சுவரையும் வெட்டிய பிறகு பார்த்தால் கதவு 91 மி.மீ. தாளுக்குள் அடங்கட்டும் என்று மெஷின் தானாகவே 96 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் படம் வரைந்தாலும் ஓரத்தில் சரியாக 100 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டுவிடுவேன். பிரிண்டை வாங்கியதும் கடை வாசலிலேயே ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டை அளந்துவிட்டுத்தான் காசு கொடுப்பது.

சுவருக்கு ஃப்ளெக்ஸ் கடைகளில் போர்டு செய்யும் சன்போர்டு எடுத்தேன். 5 மி.மீ. கனம், கட்டரால் வெட்டலாம், தண்ணீர் பட்டால் ஊறாது, கழிவுத் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். நான் போகும் கடையில் இருக்கும் தம்பி “அண்ணா, ஓரம் அடிபட்ட ஷீட் ஒண்ணு வச்சிருக்கேன், எடுத்துக்கறீங்களா?” என்று போன் செய்து சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார். இரண்டு தகடுகளை ஒட்டினால் 10 மி.மீ., அது நிஜத்தில் ஒன்பது இஞ்ச் சுவர். இந்தக் கனத்தை விட்டுவிடாதீர்கள். ஒற்றைத் தகட்டில் ஜன்னல் வெட்டினால் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டதுபோல இருக்கும், சுவரின் கனம் உள்ளே தெரிந்து, அதில் நிழல் விழுந்தால்தான் அது கட்டடம். ஒட்டுவதற்கு பிளம்பர்கள் வைத்திருக்கும் பைப் கம் போதும், ஆனால் மெல்லிசாகத் தடவ வேண்டும், அதிகமானால் ஷீட்டை அரித்துவிடும்.

மேலே கல் சுவர். தகட்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சிமெண்டில் தண்ணீரோடு வாட்டர்புரூஃப் வேலைக்கு விற்கும் பால் போன்ற லேடெக்ஸைக் கலந்து 2 மி.மீ. பூசி, பாதி இறுகியதும் ஆணியால் கல் கல்லாகக் கீறினேன். முதல் சுவரில் ஒவ்வொரு கல்லையும் 25 மி.மீ. நீளத்துக்குக் கீறிவிட்டேன், கைக்கு அதுதான் வசதியாக இருந்தது. பெருக்கிப் பாருங்கள், 56 செ.மீ., கோட்டைச் சுவருக்கு வைக்கிற கல். ஒரு ஆள் தூக்கி வைக்கும் கல் என்றால் ஓரடி நீளம், அதாவது 13 மி.மீ., உயரம் 9 மி.மீ. அந்தச் சுவரைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசினேன். கை எப்போதும் பெரிதாகத்தான் செய்யப் பார்க்கும், இதை எல்லா வேலையிலும் கவனித்திருக்கிறேன், செங்கல்லோ ஓடோ பலகையோ, அளக்காமல் செய்தால் இரண்டு மடங்கு பெரிதாகத்தான் வரும்.

இப்போது கூரை. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் சாதாரண அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்து, உள்ளே இருந்த நெளிவைப் பெயிண்ட் அடித்துக் கூரையாக வைத்தேன். பக்கத்து வீட்டுக்கு ஷெட் போட வந்தவர் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது சிமெண்ட் ஷீட்டுங்களா?” என்று கேட்டார். தகரம் என்றேன். “தகரம் இத்தனை அகலமா நெளியாதுங்களே” என்றார். அளந்து பார்த்தால் அவர் சொன்னது அவ்வளவு சரி! என் அட்டையின் நெளிவு ஆறரை மி.மீ.க்கு ஒன்று. பெருக்கினால் 146 மி.மீ., அதுதான் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டின் நெளிவு. தகரத்துக்கு மூன்று இஞ்ச், 76 மி.மீ. என் விகிதத்தில் 3.4 மி.மீ. வரவேண்டும். தினமும் கூரையில் ஏறுகிற மனிதரின் கண்ணுக்கு ஒரு நொடியில் தெரிந்தது எனக்கு ஆறு மாதமாகத் தெரியவில்லை. (உங்கள் கட்டடம் சிமெண்ட் ஷீட் போட்ட லோகோ ஷெட்டாக இருந்தால் அந்த அட்டை நெளிவே பொருத்தம், ஆனால் அட்டையாக வைக்காதீர்கள், அச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, 3.4 மி.மீ. நெளிவுக்கு என்ன செய்வது? சைக்கிள் கடையில் பழைய ஆரக்கம்பிகள் கேட்டு வாங்கினேன், 2 மி.மீ. தடிமன். ஒரு பலகையில் 3.4 மி.மீ.க்கு ஒரு கோடு வீதம் பிரிண்ட் எடுத்து ஒட்டி, கோட்டுக்கு ஒரு கம்பியாக வரிசையாக அடுக்கி ஒட்டிவிட்டேன். அதுதான் அச்சு. கூல்டிரிங்ஸ் டப்பாவின் மேலும் கீழும் வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் உள்ள அலுமினியத்தை விரித்து, ஆறடி ஷீட் என்ற கணக்கில் 81 மி.மீ. நீளத்துக்கு வெட்டினேன். கையுறை போடுங்கள், ஓரம் பிளேடு மாதிரி. அதை அச்சின்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பென்னால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அழுத்தி இழுக்க வேண்டும். ஒரு ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு பள்ளமாக மறு ஓரத்துக்குப் போக வேண்டும். இரண்டு ஓரத்தையும் முதலில் அழுத்திவிட்டு நடுவுக்கு வந்தால் தகடு உள்வாங்க இடமில்லாமல் கிழிந்துவிடும். நெளிந்த பிறகு அகலம் குறையும் என்பதால் கொஞ்சம் கூடவே வெட்டிக்கொண்டேன், ஒரு டப்பாவுக்கு நான்கு ஷீட் கிடைத்தது. ஸ்டேஷன் கூரைக்கு 48 ஷீட், பன்னிரண்டு டப்பா, இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

கூரை முழுவதையும் ஒரே தகடாகச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யாதீர்கள். தனித்தனி ஷீட்டாக வெட்டி, கீழ்வரிசையை முதலில் வைத்து, மேல்வரிசை அதன்மேல் 7 மி.மீ. ஏறும்படியும், பக்கவாட்டில் ஒரு நெளிவு ஏறும்படியும் ஒட்டினால்தான் கூரை கூரையாகத் தெரியும். ஒன்றிரண்டு ஷீட்டை ஒரு மயிரிழை கோணலாக வையுங்கள். அடியில் மழைக்குத் தாங்கும் ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது), ஒட்டுவதற்கு சிலிக்கான். மெட்டல் பிரைமர், அதற்குமேல் ரெட் ஆக்சைடு. பளபளப்பு இல்லாத பெயிண்டாகப் பாருங்கள், பளபளத்தால் எத்தனை சரியாக அளந்தாலும் பிளாஸ்டிக் சாமானாகவே தெரியும். சுவருக்கு வீட்டுக்கு வெளியே அடிக்கும் எமல்ஷனே போதுமானது.

கூரை ஓரத்தில் பல் பல்லாகத் தொங்கும் மரப்பலகைக்கு ஐஸ் குச்சி. குச்சி 10 மி.மீ. அகலம், நிஜத்தில் ஒன்பது இஞ்ச் பலகை, எதையும் இழைக்க வேண்டாம். முனையைக் கூராக்க நகவெட்டியைவிட நல்ல கருவி எனக்கு அகப்படவில்லை, இரண்டு கடி, ஒரு பல். ஆனால் அந்த மரம் லேசானது, வார்னிஷில் ஒருநாள் ஊறவைத்து எடுத்தால்தான் தாங்கும். தேக்குத் துண்டு கிடைத்தால் அதுவே மேல், தச்சுப் பட்டறையில் விறகுக்குப் போகும் துண்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள்.

வெயிலும் மழையும் தின்ற வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். லேசர் கட்டிங்கில், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் அழகாக வெட்டிவாங்கிய கேபின் ஒன்று, நான்கு கோட் பெயிண்டோடு, ஐப்பசி மழை மூன்று நாள் பெய்ததில் பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. லேசர் வேண்டுமென்றால் அக்ரிலிக் ஷீட்டில் வெட்டுங்கள். த்ரீ-டி பிரிண்டிங்கில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்த ஜன்னல்கள் சித்திரை வெயிலில் நடுவில் தொய்ந்துபோயின. அது 60 டிகிரியிலேயே இளகும் பொருள், கோவை வெயிலில் அடர்நிறம் பூசிய பிளாஸ்டிக்குக்கு அது பெரிய தூரமில்லை. இப்போது ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக்கில் அடிக்கச் சொல்கிறேன், வெயிலையும் சூட்டையும் தாங்குகிறது. உள்ளே பிளைவுட் வைத்த ஒரு குட்டி குடோனைக் கரையான் அடியிலிருந்து ஏறித் தின்றிருந்தது, மேலே பெயிண்ட் அப்படியே இருந்ததால் தூக்கிப் பார்க்கும்வரை தெரியவில்லை. அதன்பிறகு எந்தக் கட்டடத்தையும் மண்ணில் நேராக வைப்பதில்லை. கிச்சன் மேடை போடும் கல் கடையில் கடப்பா கல் துண்டுகள் கிடைக்கும், அதை மட்டம் பார்த்துப் பதித்து, மேலே கட்டடத்தை ஒட்டாமல் சும்மா வைத்திருக்கிறேன். கல் மண்ணிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் இருந்தால் மழைத்துளி தெறித்துச் சுவரில் செம்மண் அடிக்காது. நிஜ வீட்டுக்கு அடிமட்டம் உயர்த்திக் கட்டுவதும் இதற்குத்தானே. கூரையையும் கழற்றும்படி செய்யுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறும், மாதம் ஒருமுறை திறந்து தட்ட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியதில்லை. நவராத்திரி சமயத்தில் கொலுக் கடைகள்தான் எனக்குப் பெரிய சந்தை. பூம்புகார் கடையிலும் தெருவோரக் கடைகளிலும் கிராம செட், கல்யாண செட் என்று வரும் பொம்மைகளில் ஆறரை முதல் ஏழரை செ.மீ. வரை உள்ளவற்றை ஐஸ் குச்சியை வைத்துப் பொறுக்குவேன். தலை உடம்புக்குப் பெரிதாக இருப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள், உயரம் சரியாக இருந்தாலும் குழந்தை மாதிரி தெரியும். உட்கார்ந்திருக்கும் பொம்மை என்றால் முழங்காலிலிருந்து பாதம் வரை அளந்து பாருங்கள், 20 மி.மீ. பக்கத்தில் இருக்க வேண்டும். மண்ணும் காகிதக்கூழும் மழைக்கு ஆகாது என்பதால் ரயில் ஓட்டும்போது மட்டும் எடுத்து வைப்பேன். சொப்புச் சாமானில் மிகச் சிறியவை குடம், அடுப்பு, டீக்கடை பாத்திரமாக உதவும். கார் பொம்மைகளுக்கு ஒரே கணக்கு: நிஜ நீளத்தைப் பொம்மையின் நீளத்தால் வகுங்கள். அம்பாசிடர் 4.3 மீட்டர், ஸ்டேஷன் வாசலில் நிற்க 19 செ.மீ. வேண்டும். நான் பார்த்த ஒரு பொம்மை அம்பாசிடர் 12 செ.மீ., அதாவது 1:36. அதை வீணாக்கவில்லை, பின்னால் சுவரோரம், பதினைந்து அடி தள்ளி, மலைச்சரிவில் உள்ள வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறேன், தூரத்தில் நிற்பதுபோலவே தெரிகிறது. 1:24இல் வரும் பொம்மைவீட்டு நாற்காலி, மேசைகள் ரயிலுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், ஏழு சதவீத வித்தியாசம் கண்ணுக்குப் படாது. 1:29ம் அதைவிடச் சிறியவையும் பின்வரிசைக்குத்தான். என் முதல் கிட் ஸ்டேஷன் இப்போது அங்கேதான், மேட்டின்மேல் ஒரு பங்களாவாக இருக்கிறது.

பிளாட்பாரம் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் தள்ளும். ஸ்டார்ட்டர் செட்டின் வளைவு 60 செ.மீ. ஆரம். அடியில் இரண்டு முனையிலும் உள்ள சக்கரக் கட்டுகளுக்கு நடுவே 30 செ.மீ. இருக்கும் பெட்டி அதில் கிட்டத்தட்ட 19 மி.மீ. உள்ளே தள்ளும். நேர்ப்பாதையில் அளந்து கட்டிய என் பிளாட்பாரத்தின் ஒரு முனை வளைவில் கொஞ்சம் ஏறியிருந்தது, முதல் ஓட்டத்திலேயே பெட்டியின் படி மாட்டி ரயில் கவிழ்ந்தது. முடிந்தால் நேர்ப்பாதையில் மட்டும் பிளாட்பாரம் கட்டுங்கள். முடியாவிட்டால், உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் இரண்டு பக்கமும், நடுவிலும் முனையிலும், டேப்பால் பென்சில் ஒட்டி, தரையில் அட்டை விரித்துக் கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். பென்சில் போடும் கோட்டிலிருந்து 5 மி.மீ. விட்டு வெட்டினால் எந்த ரயிலும் உரசாது. கூரை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் இதையே பெட்டியின் கூரை உயரத்தில் செய்து பாருங்கள்.

பெயர்ப்பலகையை மகள் எழுதினாள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, தமிழ், இந்தி, ஆங்கிலம், கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். ஊருக்கு என் பாட்டியின் பெயரை வைத்திருக்கிறோம். எழுத்துகளைத் தூரிகையால் எழுத முயன்று தடித்துப் போனதால், வினைல் ஸ்டிக்கர் கட்டிங்கில் வெட்டி ஒட்டினோம், ஒரு எழுத்து 6 மி.மீ. உயரம் வரைக்கும் மெஷின் சுத்தமாக வெட்டுகிறது.

போன மாதம், எங்கள் தெருவில் இருக்கும் ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். ரயில் இரண்டு சுற்று போகும்வரை பேசவில்லை. அப்புறம் குனிந்து பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன், நிஜத்தில் ஓரடி, இங்கே 13 மி.மீ., பித்தளைத் தகட்டை அரத்தால் தண்டவாள வடிவத்துக்கு அராவி எடுக்க ஒரு மாலை முழுவதும் ஆன துண்டு. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நடுத்தூணில் மாட்டியிருந்தேன்.

“எல்லாம் நல்லா இருக்குது தம்பி. மணி மட்டும் ரூமுக்குப் பக்கத்துல வரோணும். போனை வச்சுட்டு வெளிய ஒரு எட்டு வந்து அடிக்கிறாப்பல இருக்கோணும். இவ்வளவு தூரம் யாரு நடப்பா?”

அவர் இருக்கும்போதே சாமணத்தை எடுத்து வந்து கொக்கியைக் கழற்றினேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தாழ்வாரத்துச் சட்டத்தில் புதிதாக ஓட்டை போட்டு மாட்டினோம். 44 மி.மீ.